தியோடோர் ரூஸ்வெல்ட்டும் அவர் செய்வித்த கைத்துப்பாக்கியும்

உலகத்தில் மேன்மையடைந்தோருடைய சரிதங்களைப் படிப்பதனால் உண்டாகும் பயன் இரண்டென்பது யாம் கொண்ட துணிபு. அவர்கள் செய்த நற்செய்கைகளைக் கண்டு அவற்றைப் பின்பற்ற ஆசை கொள்ளுதல் ஒன்று. அவர்கள் வழுவிய இடங்களைக் கண்டு நாம் வழுவாதிருக்கக் கற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. முதலாவதை மாத்திரம் சொல்லி இரண்டாவதை மறைப்போர் சரிதம் எழுதுவோரல்லர். துதி பாடுவோரே யாவர். ஆதலின் இவ்விதழில் யாம் எழுதப் புகுந்த பெரியாருடைய குணத்தோடு குற்றத்தையும் மறையாது கூறுவோம்.

இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபத்தாறாவது ஜனாதிபதியாக விளங்கிய தியோடோர் ரூஸ்வெல்ட் என்பவர். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அந்நாட்டை ஆண்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு, இவர் வேறு. அவர் இவருக்குத் தூரத்து உறவினர். அவருடைய மனைவியாராகிய எலினார் அம்மையார் இவருடைய தம்பி எலியட்டின் குமாரத்தி. இவ்வுறவு முறையை அறியாது இருவரையும் ஒருவராகவே கொண்டு மயங்குவோர் நம்மிற் பலருளராதலின் முதற்கண் இதனைத் தெளிவித்தோம்.

இவர் சரிதத்தைச் சொல்லுதற்குப் பல வழிகளுள. யாம் இங்கே தெரிந்துகொண்ட வழி இவர் கையாண்ட துப்பாக்கிகளின் வழியாம். கடையில் விற்பதை அப்படியே வாங்கிக்கொள்ளாது, தமது கைக்கும் தோளுக்கும் கண்ணுக்கும் ஏற்றவாறு தேர்ந்த கம்மியரைக் கொண்டு அமைத்துக்கொள்வது இவருடைய வழக்கம். அவ்வழக்கத்தை ஆராயுமிடத்து இம்மனிதருடைய இயல்பு முழுவதும் அதில் விளங்குகின்றது.

பிறப்பும் இளமையும்

நியூயார்க்கு நகரத்தில் 1858-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 27ந் தேதி இவர் பிறந்தார். தந்தையார் பெயரும் தியோடோர் என்பதே. அவர் கண்ணாடி வியாபாரத்தில் செல்வம் பெற்ற குடும்பத்தினர். ஏழைச் சிறுவர்களுக்கு உதவி செய்வதிற் பெரிதும் ஊக்கமுடையவர். தாயார் மார்த்தா தென்னாட்டு ஜார்ஜியா மாகாணத்தில் வளர்ந்தவர். நான்கு குழந்தைகளுள் நம் சரித நாயகர் இரண்டாமவர்.

செல்வக் குடியிற் பிறந்தும் குழந்தைக்குச் சரீர சுகம் வாய்க்கவில்லை. இழுப்பு என்னும் சுவாச நோய் இரவெல்லாம் வருத்தும். படுத்துறங்கமாட்டாத பிள்ளையைத் தந்தையார் தம் கையிலேந்திக்கொண்டு அறைக்குள் உலாவுவாராம். வயது சற்று முதிர்ந்தபின், அறிவு மாத்திரம் வளர்ந்து உடல் வளராதிருத்தல் தகாதென்று தந்தையார் எடுத்துரைப்பவே, வீட்டிலேயே தேகாப்பியாச சாலையொன்று அமைக்கப்பட்டது. சிறுவர் சலியாது அப்பியாசம் செய்து தேகத்தைத் தேற்றிக்கொண்டார்.

1872-ஆம் வருஷத்தில் தந்தையார் இவருக்கு முதற் றுப்பாக்கியை வாங்கிக் கொடுத்தனர். அது பிரெஞ்சு தேசத்திற் செய்யப்பட்ட இரட்டைக் குழல் துப்பாக்கி. துருவேறித் திறவாதபோது செங்கல்லால் தட்டித் திறந்தாலும் கெடாத அத்துணை உறுதியான வேலைப்பாடுடையதாதலின், கைத்தேர்ச்சியில்லாத சிறுவனுக்கு மிகவும் ஏற்றதாயிருந்ததென்று பிற்காலத்தில் அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கின்றனர். பறவைகளைச் சுட்டுத் தோலையுரித்துப் பாடம் பண்ணி வைப்பதில் இவருக்கு அளவிறந்த ஆசை. ஆயின் ஒரு புதுமை நிகழ்ந்தது. உடன்வந்த தோழர்கள் கண்டு சுடுகின்ற பறவைகள் இவர் கண்ணுக்குப் புலப்படவேயில்லை. தூரத்திலுள்ள பெரிய விளம்பரப் பலகையின் எழுத்துக்களைத் தோழர்கள் உரக்க வாசித்தபோது, அவ்விடத்தில் எழுத்துக்கள் இருப்பதே தமக்குத் தெரியவில்லையென்பதை உணர்ந்தார். தந்தையாரிடம் சென்று சொன்னார். உடனே மூக்குக்கண்ணாடி வாங்கப்பட்டது. அதனை அணிந்த அன்றே தமக்குப் புதியதோர் உலகம் திறந்ததென்று அவர் கருதினார். அதுவரையில் உலகம் இவ்வளவு அழகுடையதென்பதை அப்பிள்ளை அறிந்ததில்லை.

இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்குமாறு நம் குடும்பத்துப் பெரியோர்களை வேண்டுகின்றோம். பதின்மூன்று வயதுவரை அக்குழந்தையைச் சோம்பேறி, கைச்சோர்வுடையவன் என்றெல்லாம் பிறர் எண்ணியிருத்தல் கூடும். குற்றம் கையிலன்று, கண்ணிலே இருந்தது. அக்குற்றத்தை வெளிப்படுத்தியது ஒரு துப்பாக்கி. கருவியைக் கைக்குப் பொருத்துதற்கு முன் கண்ணைக் கருவிக்குப் பொருத்த வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அவர் எக்கருவியையும் தம் அளவிற்குத் திருத்திக்கொண்டமைக்கு இந்நிகழ்ச்சியே வித்தென்று யாம் கருதுகின்றோம்.

கம்மியர் கைவண்ணம்

1876-ஆம் வருஷம் ஹார்வர்டு கலாசாலையிற் சேர்ந்து 1880-இல் தேறினார். இடையில் 1878-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அருமைத் தந்தையார் காலமாயினர். 1880-இல் தமது இருபத்திரண்டாம் பிறந்த நாளன்று ஆலிஸ் லீ என்னும் நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டிலே நியூயார்க்கு மாகாணச் சட்டசபைக்கு அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். இங்ஙனம் கல்வி, செல்வம், இல்லறம், பதவி யாவும் இளமையிலேயே வந்து குவிந்த காலத்திற்றான், நாம் தலைப்பிற் குறித்த கைத்துப்பாக்கி இவருக்கு உரியதாயிற்று.

அது கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் அக்காலத்திலிருந்த கோல்ட் தொழிற்சாலையில் 1883-ஆம் வருஷம் வெளிவந்தது. ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சுழலறையும் ஏழரை அங்குல நீளமுள்ள குழலும் உடையது. இதுபோன்ற ரிவால்வர்கள் ஆயிரக்கணக்கில் அத்தொழிற்சாலையிற் செய்யப்பட்டன. ஆயின் இந்த ஒன்று நியூயார்க்கு நகரத்து லூயி நிம்ஷ்கே என்னும் சித்திரக் கம்மியரின் கையிற் சென்றது. ஜெர்மானிய தேசத்திற் பிறந்து நியூயார்க்கில் குடியேறித் தொழில் நடத்தியவர் அவர். எஃகின்மேல் உளியோட்டும் வித்தையில் அக்காலத்து அமெரிக்காவில் முன்னணியில் நின்றவர். தாம் வெட்டிய சித்திரங்களை மையிட்டுக் காகிதத்தில் ஒற்றியெடுத்துப் புத்தகமாகச் சேர்த்து வைக்கும் நல்வழக்கமும் அவருக்கு உண்டு. அதனாலன்றோ அவருடைய வேலையை இன்றும் அறிஞர் அடையாளங் காண்கின்றனர்.

இவ்வேலையின் நுட்பத்தைச் சிறிது கூறுவோம். துப்பாக்கியின் எஃகைச் சூடேற்றிக் கடினப்படுத்தியபின் உளி அதன்மேற் செல்லாது. ஆகையால் கடினப்படுத்துமுன்னரே உறுப்புக்களைத் தனித்தனியாகக் கழற்றிச் சித்திரம் வெட்டி முடித்தல் வேண்டும். கொடிகளும் இலைச்சுருள்களும் ஒன்றோடொன்று பின்னி ஓடுமாறு, மயிரிழையினும் நுண்ணிய கோடுகளைக் கையாலேயே வெட்டுவர். ஓர் உளிக்கோடு தவறினால் அதனை அழிக்க வழியில்லை. நகாசு வேலை முடிந்தபின் வெள்ளி முலாமும் தங்க முலாமும் பூசினர். பிடிக்கு யானைத் தந்தம். அத்தந்தத்தின் ஒரு புறத்தில் அவர் பெயரின் முதலெழுத்துக்களைப் பின்னிச் செதுக்கினர்; மறுபுறத்தில் காட்டெருமையின் தலையைப் புடைப்பாகச் செதுக்கினர்.

அழகைப் பற்றிச் சொன்னோம். பொருத்தத்தைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். நெடுந்துப்பாக்கியின் மரக்கட்டை நீளமாயின் தோளிற் பொருந்தாது தடுக்கும். குட்டையாயின் வெடிக்கும்போது பின்னுதைத்து முகத்தைத் தாக்கும். கைத்துப்பாக்கியின் பிடி பருத்திருப்பின் விரல் விசையை எட்டாது. சிறுத்திருப்பின் கைக்குள் நில்லாது புரளும். குழலின் நுனியிற் குறி பார்ப்பதற்கென வைத்த முள் சுடுபவர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாவிடின், மற்றெல்லாம் செவ்வனே அமைந்தும் பயனில்லை. நல்ல கம்மியர் வாங்குவோனுடைய கையையும் கழுத்தையும் தோளையும் கண்ணையும் அளந்தே வேலை செய்வர். ரூஸ்வெல்ட் தமது வின்செஸ்டர் நெடுந்துப்பாக்கிக்குக் கட்டையையும் குறிமுள்ளையும் தம் அளவிற்கே அமைப்பித்துக்கொண்டார். அதனைத் தாம் கையாண்ட துப்பாக்கிகளுட் சிறந்ததென்று 1885-இல் வெளியிட்ட வேட்டை நூலிற் புகழ்ந்திருக்கின்றனர்.

துக்கமும் தூரதேசமும்

1883-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் காட்டெருமை வேட்டையை விரும்பி மேற்கே டக்கோட்டாப் பிரதேசத்திற்குச் சென்றார். விடாமழையில் நாட்பல அலைந்து ஒரு காட்டெருமையை வீழ்த்தினார். அந்நிலத்தின்மேற் காதல் கொண்டு, பதினாலாயிரம் டாலர் கொடுத்து மாட்டுப் பண்ணை ஒன்றிற் கூட்டுச் சேர்ந்து வீடு திரும்பினார்.

சில மாதங்களுக்குள் விதி வேறாயிற்று. 1884-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 12ந் தேதி மனைவியார் ஒரு பெண் மகவை ஈன்றார். 14ந் தேதி, ஒரே வீட்டில், ஒரே நாளில், முதலில் தாயார் விஷசுரத்தாலும், சில மணி நேரங் கழித்து மனைவியார் சிறுநீரக நோயாலும் இறந்தனர். அன்றைய தினக்குறிப்பில் ரூஸ்வெல்ட் பெரியதொரு குறுக்குக்கோடு இட்டு அதன்கீழ் ஒரே வரி எழுதினார். தம் வாழ்வின் ஒளி போயிற்றென்பதே அதன் கருத்து. குழந்தையைத் தமக்கையாரிடம் ஒப்புவித்து, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேற்குத் திசை நோக்கிச் சென்றார்.

அங்கே அவர் போய்ச் சேர்ந்த கோலத்தை நினைத்தால் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே உண்டாகின்றன. மான்தோலாற் றைத்த உடை, நியூயார்க்குப் பெருங்கடையில் வெள்ளிப் பிடியிட்டுச் செய்வித்த வேட்டைக் கத்தி, தந்தப் பிடியும் தங்க முலாமும் மின்னும் கைத்துப்பாக்கி, இவற்றிற்கெல்லாம் மேலாக மூக்கின்மேல் கண்ணாடி! வெயிலிலும் பனியிலும் உழன்ற மாட்டுக்காரர்கள் இவரைக் கண்டு நகைத்தனர். நாற்கண்ணர் என்று பெயருமிட்டனர். பொற்பூச்சுள்ள கருவி ஒருவனை வீரனாக்குமாயின் உலகத்துச் செல்வர் யாவரும் வீரராயிருத்தல் வேண்டும். அஃதில்லையென்பதை அம்மாட்டுக்காரர்கள் நன்கறிந்திருந்தனர். ரூஸ்வெல்ட்டும் விரைவில் அறிந்துகொண்டார்.

சுடாத துப்பாக்கி

ஒருநாள் மாலை, காணாமற்போன குதிரைகளைத் தேடியலைந்து குளிரில் நடுங்கியவராய் ஒரு சிற்றூர் விடுதிக்குட் புகுந்தார். அங்கே குடிவெறி கொண்ட ஒருவன் இரு கைகளிலும் குதிரையேற்றிய துப்பாக்கிகளோடு எல்லோரையும் அச்சுறுத்திக்கொண்டு திரிந்தான். சுவரிலிருந்த கடிகாரத்தின் முகத்தில் அவன் சுட்ட துளைகள் காணப்பட்டன. கண்ணாடியணிந்த புதியவரைக் கண்டதும், அங்குள்ளோர் அனைவருக்கும் மது வாங்கிக் கொடுக்குமாறு இவரைக் கட்டாயப்படுத்தினான். இவர் விளையாட்டாக நகைத்து ஒதுங்கியும் அவன் விடவில்லை. அப்பொழுது இவர் எழுந்தார். துப்பாக்கியை நாடவில்லை. அவன் கால்களை நெருக்கி வைத்துக்கொண்டு உறுதியின்றி நிற்பதைக் கவனித்து, வலக்கையாலும் இடக்கையாலும் மாறிமாறி முகத்திற் குத்தினார். துப்பாக்கிகள் வெறுமனே வெடித்தன. அவன் மேடையின் மூலையில் தலை மோதி விழுந்தான். அவன் கருவிகளை இவர் எடுத்துக்கொள்ள, மற்றையோர் அவனைப் புறத்தேயுள்ள கொட்டகையிற் கொண்டுபோய்க் கிடத்தினர். நாற்கண்ணர் என்னும் ஏளனப்பெயர் அத்தோடு மரியாதைப் பெயராக மாறிற்று.

1886-ஆம் வருஷம் வசந்தத் தொடக்கத்தில் கள்வர் மூவர் இவருடைய படகைத் திருடிச் சென்றனர். இவரும் பண்ணையாட்கள் இருவரும் சேர்ந்து புதுப்படகு செய்து, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றிற் பல நாட்கள் பின்தொடர்ந்து சென்று, ஒரு குண்டும் சுடாமலே மூவரையும் பிடித்தனர். அத்தேசத்து வழக்கப்படி அங்கேயே அவர்களை மரத்திற் றூக்கிவிட்டிருந்தாலும் கேட்பாரில்லை. இவர் அங்ஙனம் செய்தாரில்லை. உணவு குறைந்து, உறக்கமின்றி, கையில் நெடுந்துப்பாக்கியோடு காவலிருந்து, இடையிடையே தால்ஸ்தாய் என்னும் ருஷியப் பேராசிரியருடைய நாவலையும் வாசித்துக்கொண்டு, கடைசியிற் கால்கள் கொப்புளிக்க நடந்து அவர்களை அதிகாரியிடம் ஒப்புவித்தார். சட்டம் இல்லாத இடத்திலும் சட்டத்திற்குக் கீழ்ப்படிபவனே சட்டத்தை ஆளத் தக்கவன் என்பதனை இந்நிகழ்ச்சி நமக்குப் போதிக்கின்றது. கையிற் கருவி இருக்கும்பொழுது அதனைச் சுடாதிருத்தலே கடினமான வித்தையாம்.

1886-87 பனிக்காலத்தில் நேர்ந்த கொடுங்குளிரால் இவருடைய மாடுகளிற் பாதிக்கு மேல் மடிந்தன. பண்ணைத் தொழிலிற் பெரும்பொருள் நஷ்டமாயிற்று. ஆயின் அந்நிலத்தில் ஆறிய மனமும் திடம்பெற்ற உடலும் அவருக்கு மிஞ்சிய இலாபம். இதற்கிடையே 1886-ஆம் வருஷம் டிசம்பரில் பால்யத் தோழியாகிய ஈடித் கேரோ என்பாரை லண்டன் மாநகரில் இரண்டாந்தாரமாக மணந்து இல்லறம் நடத்தலாயினர்.

நகரக் காவலும் போர்க்களமும்

1895-இல் நியூயார்க்கு நகரப் போலீஸ் அதிகாரிகளின் சபைக்குத் தலைவரானார். இலஞ்சத்தை அடக்குதற்காக இரவில் தாமே தெருத்தெருவாகச் சுற்றினார். காவலர்களுடைய கைத்துப்பாக்கி ஒரே மாதிரியாக இருத்தல் வேண்டுமென்று விதித்து, அதனைப் பிழையின்றிக் கையாளப் பயிற்சியும் ஏற்படுத்தினார். பழகாதவன் கையிலுள்ள துப்பாக்கி கள்வனைக் காட்டிலும் வழிப்போக்கனுக்கே ஆபத்தென்பது எவர்க்கும் தெரிந்ததே.

1897-இல் கடற்படை இலாகாவின் உதவி மந்திரியானார். 1898-ஆம் வருஷம் பிப்ரவரி 15ந் தேதி கியூபாத் தீவின் ஹவானாத் துறைமுகத்தில் மெய்ன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கி, 260-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஸ்பெயின் தேசத்தோடு யுத்தம் மூண்டது. ரூஸ்வெல்ட் பதவியைத் துறந்து, மேற்றிசை மாட்டுக்காரர்களும் கலாசாலை மாணவர்களும் கலந்த குதிரைப்படையொன்றைச் சேர்ப்பதில் முன்னின்றார்.

போருக்குப் புறப்படும்போது அவர் அரையிற் கட்டியது தந்தப் பிடித் துப்பாக்கியன்று. மூழ்கிய மெய்ன் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட கடற்படை ரிவால்வர் ஒன்றை, கடற்படை அதிகாரியாகிய அவர் தமக்கையின் கணவர் கொடுத்தார். அலங்காரம் ஒன்றுமில்லாத அக்கருவியையே அவர் கொண்டு சென்றார். கண்ணாடி உடைந்தாற் கண்ணிருந்தும் குருடராவோமென்று அஞ்சி, பன்னிரண்டு கண்ணாடிகளைத் தொப்பியிலும் உடையிலும் வைத்துக்கொண்டார். ஜூலை மாதம் 1ந் தேதி ஸான் ஜுவான் மேடுகளின்மேற் படையை நடத்தியபோது அந்த ரிவால்வராற் பகைவன் ஒருவனைச் சுட்டு வீழ்த்தினார். பின்னர் அதன் உடம்பில், மூழ்கிய கப்பலிலிருந்து வந்த வரலாறும் அப்போரில் அவர் கையாண்ட செய்தியும் எழுத்தாகப் பொறிக்கப்பட்டன. முதற் றுப்பாக்கியிற் பணத்தால் வந்த சித்திரம். இதிலோ செயலால் வந்த எழுத்து. இரண்டினும் எது அணியென்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஜனாதிபதி பதவி

போரிலிருந்து மீண்டதும் நியூயார்க்கு மாகாணக் கவர்னரானார். 1901-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் உப ஜனாதிபதியானார். அவ்வருஷம் செப்டம்பர் 6ந் தேதி பபலோ நகரப் பொருட்காட்சியில், ஜனாதிபதி மக்கின்லி ஜனங்களோடு கைகுலுக்கி நிற்கையில், கைக்குட்டையில் மறைத்த சிறு ரிவால்வராலே ஒருவன் அவரைச் சுட்டான். 14ந் தேதி அவர் உயிர் நீத்தார். நாற்பத்திரண்டு வயதில் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். அவ்வயதில் அப்பதவியேற்றவர் அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

1904-இல் ஜனங்கள் அவரையே மீண்டும் தெரிந்தெடுத்தனர். ருஷியாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த யுத்தத்தை 1905-இற் சமாதானத்தில் முடித்து வைத்து, 1906-இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்றார். வேட்டைப் பிரியராகிய இவரே காடுகளையும் பறவைகளையும் காத்தவருமாவார். 5 தேசியப் பூங்காக்களும், 18 தேசியச் சின்னங்களும், 51 பறவைக் காப்பிடங்களும் இவர் காலத்தில் ஏற்பட்டன. 1902-இல் மிஸிஸிப்பி மாகாணத்தில், வேட்டைத் துணைவர் ஒரு கரடியை மரத்திற் கட்டிவைத்து இவரைச் சுடச் சொன்னபோது, கட்டுண்ட விலங்கைச் சுடுதல் வேட்டையன்று என்று மறுத்தார். அச்செய்தி சித்திரமாக வெளிவந்து, அதிலிருந்தே அவருடைய செல்லப் பெயரால் வழங்கும் கரடிப் பொம்மை உண்டாயிற்று. இன்றும் நம் குழந்தைகள் அதை அணைத்துக்கொண்டு உறங்குகின்றனர்.

இனிக் குற்றத்தைக் கூறுவோம். 1906-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் டெக்ஸாஸ் மாகாணத்துப் பிரௌன்ஸ்வில் என்னும் ஊரில் இரவிற் றுப்பாக்கிகள் வெடித்தன, ஒருவர் இறந்தார். தெருவிற் கிடந்த தோட்டாக் கூடுகள் ராணுவத் துப்பாக்கிக்குரியனவென்பது கொண்டு, அவ்வூரருகே இருந்த கறுப்பு நிறச் சிப்பாய்கள்மேற் பழி சுமத்தப்பட்டது. குற்றவாளி இன்னாரென்று எவரும் நிரூபிக்கவில்லை. விசாரணை மன்றம் எதுவுமில்லாமலே 167 சிப்பாய்களை ரூஸ்வெல்ட் படையிலிருந்து நீக்கினார். பல்லாண்டு உழைத்தோரும் உபகாரச் சம்பளமிழந்து வெளியேறினர். 1972-இல் அந்நாட்டு ராணுவம் அத்தீர்ப்பை மாற்றி அவர்கள் மானத்தை மீட்டது. அதற்குள் அவர்களிற் பெரும்பாலோர் இறந்தொழிந்தனர். கள்வர் மூவரை மன்றத்திற்குக் கொண்டு செல்லக் கால் கொப்புளிக்க நடந்தவர், நிரபராதிகளாகிய சிப்பாய்களுக்கு அம்மன்றத்தை மறுத்தாரே என்று எண்ணுங்கால் எம் மனம் வருந்துகின்றது. தம் குறிமுள் மயிரிழை விலகினாலும் பொறாதவர் நீதியின் குறி விலகியதைக் காணாது போயினர். பெரியோர்க்கும் கண் மறைக்கும் இடம் ஒன்றுண்டு போலும்.

ஆப்பிரிக்க வேட்டை

ஜனாதிபதி மாளிகையிலிருக்கும்போது குத்துச்சண்டை பழகியதில் இடக்கண்ணில் அடிபட்டு அதன் பார்வை மங்கிற்று. இடக்கண்ணாயிருந்தது நன்றாயிற்று, வலக்கண்ணாயின் துப்பாக்கியே பிடித்திருக்க முடியாதென்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். 1909-ஆம் வருஷம் பதவி நீங்கியதும், குமாரர் கெர்மிட்டோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கும் காட்சிசாலைக்கு உயிரினங்களைச் சேகரித்தற்கும் புறப்பட்டார். அப்பயணத்திற்கென வின்செஸ்டர் தொழிற்சாலையினர் அழகிய துப்பாக்கிகள் அனுப்பினர். குறிமுள் தாம் பழகிய விதமாக இல்லாமையால், அழகைப் பாராட்டிவிட்டு அவற்றைத் திருப்பியனுப்பினார். ராணுவத்து ஸ்பிரிங்பீல்டு துப்பாக்கியொன்றும் கட்டையும் குறியும் தம்மளவிற்கு மாற்றப்பெற்று உடன் சென்றது. யானைக்கும் காண்டாமிருகத்திற்கும் ஏற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியொன்றை, லண்டன் ஹாலண்டு கம்மியரைக் கொண்டு செய்வித்து ஆங்கில நண்பர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பரிசளித்தனர். தந்தையும் மகனுமாக 512 விலங்குகளைச் சுட்டனர். சாஸ்திரத்திற்கென்றே செய்ததாயினும் அத்தொகை இன்று நம் மனத்திற்கு மிகையாகவே தோன்றுகின்றது.

மார்பிற் பாய்ந்த குண்டு

1912-இல் மீண்டும் ஜனாதிபதி பதவிக்குப் புதிய கட்சியின் சார்பில் நின்றார். அக்டோபர் 14ந் தேதி மில்வாக்கி நகரத்தில் விடுதியினின்றும் வெளிவந்து மோட்டாரில் ஏறி நின்று ஜனங்களுக்கு வந்தனம் செய்தபோது, சித்தம் பேதித்த ஒருவன் சில அடி தூரத்திலிருந்து கோல்ட் ரிவால்வராற் சுட்டான். எத்தொழிற்சாலை அவருக்குத் தந்தப் பிடித் துப்பாக்கி தந்ததோ, அதே தொழிற்சாலையின் மற்றொரு கருவி அவர் மார்பை நோக்கிற்று!

குண்டு நேரே மார்புக்குள் சென்றிருக்கும். ஆயின் சட்டைப்பையில் ஐம்பது பக்கமுள்ள பிரசங்கக் காகிதம் இரண்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது; அதனோடு எஃகாலாகிய மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தது. அவற்றைத் துளைத்து வேகங் குன்றிய குண்டு விலாவெலும்பருகே தங்கிற்று. இருமிப் பார்த்து வாயில் இரத்தம் வாராமையால் நுரையீரல் துளைபடவில்லையென்று தாமே தெளிந்தார். சுட்டவனை அடித்துக்கொல்ல முயன்ற கூட்டத்தாரைத் தடுத்து அவனைக் காப்பாற்றினார். பின்னர் இரத்தம் தோய்ந்த சட்டையோடே மேடையேறி ஒன்றரை மணி நேரம் வரையிற் பேசியபின்னரே வைத்தியசாலைக்குச் சென்றார். அக்குண்டு கடைசிவரையில் அவர் உடலிலேயே இருந்தது. தேர்தலில் வெற்றி கிட்டவில்லை.

இளமையில் எக்குறையைக் கண்டு உலகம் நகைத்ததோ, அக்குறைக்காகச் சுமந்த கண்ணாடியின் கூடே அன்று அவர் உயிரைக் காத்தது. இதனினும் வியப்பு வேறென்ன உண்டு?

முடிவு

1914-இல் பிரேஸில் தேசத்து அறியப்படாத ஆறொன்றை ஆராயச் சென்று, காலிற் புண்ணும் கடுஞ்சுரமும் கொண்டு மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டார். முதல் உலக யுத்தத்தில் நான்கு புதல்வரும் போர்க்களம் புகுந்தனர். இளையவராகிய குவென்டின் ஆகாய விமானியாகப் பிரெஞ்சு தேசத்தில் 1918-ஆம் வருஷம் ஜூலை 14ந் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். போரை வீரமென்றே வாழ்நாளெல்லாம் புகழ்ந்த தந்தைக்குப் போரின் விலை இன்னதென்று அன்று விளங்கியிருக்கும். அத்துயரிலிருந்து அவர் மீளவில்லை. 1919-ஆம் வருஷம் ஜனவரி 6ந் தேதி, அறுபதாம் வயதில், ஸாகமோர் ஹில் என்னும் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

போர்க்களத்து ரிவால்வர் அவ்வில்லத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 1990-இல் அதனை யாரோ திருடினர். பதினாறாண்டு கழித்து 2006-இல் மீட்டுப் பழைய இடத்தில் வைத்தனர். ஸான் ஜுவான் போருக்குரிய உயர்ந்த வீரப்பதக்கத்தை 2001-இல் அவர் பெயருக்கு அந்நாட்டார் அளித்தனர்.

அன்பர்களே! இச்சரிதத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கவை சில உள. எழுத்தைத் தவறாகப் படிக்கும் குழந்தையை மந்தனென்று அடிக்குமுன் அதன் கண்ணைச் சோதித்துப் பார்மின். எத்தொழிற்கும் நம் அளவறிந்து கருவி அமைத்துக்கொள்மின். அமைத்துத் தரும் கம்மியன் கையை மதித்து உரிய கூலியைக் குறையாது கொடுமின். உடையவன் பெயரே உலகில் நிற்பினும், வேலையின் சிறப்பு அவனுடையதேயாம். இறுதியாக, கருவி கைக்கும், கை மனத்திற்கும், மனம் நீதிக்கும் அடங்கி நிற்றல் வேண்டும். முதலிரண்டையும் எந்தக் கம்மியரும் பொருத்தித் தருவர். மூன்றாவதை ஒவ்வொருவரும் தாமே நாள்தோறும் பொருத்திக்கொள்ளுதல் வேண்டும். நம் இளைஞர்கள் அவ்வாறு பொருத்திக்கொண்டு நெடிது வாழ்க என்று வாழ்த்தி இவ்வளவில் அமைகின்றோம்.